மெதுவாகப் போவதற்கு ஒரு கியர்

நம் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. அருப்புக்கோட்டையில் சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தால் திருச்சுழி வரைக்கும், அதற்கப்பால் பரளச்சி வரைக்கும் ஒரே மட்டமான கரிசல்தான். வழியில் இருக்கிற ஏற்றம் என்று சொன்னால் ஓடைப்பாலம். அதையும் பருத்தி மூட்டை ஏற்றின மாட்டு வண்டி மூச்சு வாங்காமல் ஏறிவிடும். அப்படிப்பட்ட சீமையில் பத்து கியர் சைக்கிள் வைத்திருந்த ஆள் நான். உன் அப்பா விவரமானவர் என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரையாவது நம்பிக்கொண்டிரு.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை எனக்கு. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முந்தி, மதுரையில் ஒருவரிடமிருந்து அந்தச் சைக்கிளைப் பழசாக வாங்கினேன். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். பெருவிரல் தடிமனில் டயர். முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பல்சக்கரம் இரண்டு, பின் சக்கரத்தில் ஐந்து. இரண்டு ஐந்து பத்து. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிட இரும்பில் ஒரு கை, அந்தக் கையை இழுக்க ஒரு லிவர்.

கியர் எப்படி வேலை செய்கிறது என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பின்னால் செயின் சின்னப் பல்சக்கரத்தில் கிடந்தால் மிதி கனக்கும், வண்டி பறக்கும். பெரிய பல்சக்கரத்தில் கிடந்தால் மிதி லேசாக இருக்கும், வண்டி நகர மனமில்லாமல் நகரும். இது ஒன்று புரிந்தால் போதும், மீதி எல்லாம் புரிந்துவிடும்.

டீக்கடையில் என் வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "எந்த மலைக்குப்பா பொறப்பட்டே?" ஆடி மாதம் மேற்கேயிருந்து காற்று அடிக்கும்போது மட்டும் நான் பதிலுக்குச் சிரித்துக்கொண்டே எதிர்க்காற்றில் லேசாக மிதித்துப் போவேன். மற்ற பதினோரு மாதமும் வாயை மூடிக்கொண்டு போவேன்.

இனி உன் மாமாவைப் பற்றி. உன் அம்மாவுக்கு ஒரே அண்ணன். பரளச்சியில் மிளகாயும் மல்லியும் போடுகிற சம்சாரி. அம்மா ஒன்பதாவது படிக்கும்போது அவர்களுடைய அப்பா இறந்துபோனார். அன்றைக்குப் படிப்பை விட்டுவிட்டு ஏரைப் பிடித்தவர் உன் மாமா. தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணி வைத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். இதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிரிப்பு. வந்தால் நிற்காது. என் கல்யாணத்தில் ஐயர் தும்மினதற்கு இவர் பந்தலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், ஒரு வாழைமரம் சாய்ந்துவிட்டது.

எங்கள் தலைத் தீபாவளிக்குப் பரளச்சி போயிருந்தோம். அம்மாவுக்கு அப்போதுதான் இரண்டு மாதம். சாப்பிட்டு முடித்து வெற்றிலையை மடித்துக்கொண்டே மாமா ஆரம்பித்தார்.

"மாப்ளை, ஒரு விசயம். மூத்த பிள்ளைக்கு எங்கய்யா பேருதான்."

"மச்சான், இன்னும் மூணு மாசம்கூட ஆகலை."

"பேரு வைக்கிறதுக்கு மாசம் எதுக்கு? ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படியே வச்சிருவோம். பொம்பளைப் பிள்ளைன்னா வாலை மட்டும் மாத்திக்கிருவோம்."

அவர் அப்பாவின் பெயர் என்ன என்று உனக்குத் தெரியும். குலசாமி பெயர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர். மீதிப் பாதிக்கு எங்கள் குலசாமி பெயர், அதாவது என் பெயர். என் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாங்கள் நான்கு பேர் அந்தப் பெயரில் இருந்தோம். வாத்தியார் பார்த்தார், ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டார். ஐந்து வருஷம் நான் 'மூணு'. "மூணு, எந்திரி. மூணு, கையை நீட்டு." 'ரெண்டு' பண்ணின தப்புக்கு 'மூணு' அடி வாங்கின நாளும் உண்டு. என் பிள்ளையை ஒருவரும் நம்பர் போட்டுக் கூப்பிடக் கூடாது என்று எனக்கு அப்போதே வைராக்கியம். வாரப் பத்திரிகையில் ஒரு பெயர் பார்த்து, அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இரண்டே எழுத்து. எங்கள் ஜில்லாவிலேயே யாருக்கும் இல்லாத பெயர்.

எடுத்துக் காட்டினேன். மாமா காகிதத்தைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"ரெண்டெழுத்தா? என்னங்க மாப்ளை, வாயைத் தொறந்து மூடுறதுக்குள்ள முடிஞ்சு போகுது! களத்துல நின்னு கூப்பிட்டா வீட்டுல இருக்கிற பிள்ளைக்குக் கேக்க வேணாமா?"

"அது களத்துக்குப் போகாது மச்சான். படிக்கப் போகும்."

"படிச்ச பிள்ளைக்குக் காது வேற மாதிரியா இருக்கும்?"

பேச்சு வளர்ந்தது. அவர் குரல் தழைந்து, "எங்கய்யா பேரை இந்த வீட்டுல கூப்பிட்டு ஏழு வருசமாச்சு மாப்ளை" என்றார். அது நியாயம்தான். ஆனால் 'மூணு' என்று கூப்பிடுகிற சத்தமும் என் காதை விட்டுப் போகவில்லை. நான் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் திரும்ப வைத்ததைப் பார்த்து அவரே பேச்சை விளையாட்டாக மாற்றினார்.

"சரி, ஒண்ணு செய்வோம். பொங்கலுக்கு ஸ்லோ ரேஸுல என்னைய ஜெயிச்சிருங்க. நீங்க சொல்ற பேரையே வச்சிருவோம். தோத்தா எங்கய்யா பேரு."

ஸ்லோ ரேஸ் உனக்குத் தெரியுமோ என்னவோ. காணும் பொங்கல் அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும். சுண்ணாம்புக் கோடு போட்ட குறுகின தடத்தில் சைக்கிள் ஓட்ட வேண்டும். மொத்தம் அறுபது அடி. காலை ஊன்றினால் அவுட், பக்கக் கோட்டைத் தாண்டினால் அவுட். எல்லாருக்கும் கடைசியாக எவர் போய்ச் சேருகிறாரோ அவருக்கே பரிசு. மூன்று வருஷமாக அந்தப் பரிசு மாமா வீட்டைத் தவிர வேறு வீட்டுக்குப் போனதில்லை. அவருடைய கனத்த கறுப்புச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, குளத்தில் கொக்கு நிற்பதுபோல் நிற்பார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சரி மச்சான்" என்றேன்.

அடுப்படி வாசலில் நின்ற உன் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, நீங்க வேகமா ஓட்டினாலே விழுவீக. மெதுவா ஓட்டவா பந்தயம் கட்டுறீக?" என்றாள்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்ததும் நான் போன இடம் என் சிநேகிதனுடைய சைக்கிள் கடை. அவன் வீரசோழன் ஊர்க்காரன். தினமும் காலை பஸ்ஸில் வந்து கடையைத் திறப்பான், சாயந்தரம் பஸ்ஸில் போவான். அவன் கடை மூலையில் ஒரு மலைச் சைக்கிள் தொங்கியது. பதினெட்டு கியர். டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகன் வாங்கி, மூன்றே மாதத்தில் தண்ணி லாரியில் முட்டி, இனி வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனது. வண்டியின் இரும்புச் சட்டம் இரண்டாக மடங்கிவிட்டது. மற்ற சாமான் எல்லாம் புதுசு.

நான் சும்மா அதன் பெடலைக் கையால் சுற்றினேன். செயின் பின்னால் எல்லாவற்றிலும் பெரிய பல்சக்கரத்தில் கிடந்தது. அது ஒரு ஊறுகாய்த் தட்டு அகலம் இருக்கும். பெடல் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது, பின் சக்கரம் சோம்பேறித்தனமாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. மாமாவின் வண்டியில் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றும்.

"ஏலே, இதை என் வண்டியில மாட்ட முடியுமா?" என்றேன்.

"எதுக்கு?"

"மெதுவாப் போக."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "கியரு வச்சு வேகமாப் போறவனைப் பாத்திருக்கேன். மெதுவாப் போகக் கியரு கேக்குறவன் நீ ஒருத்தன்தான்யா. பொண்டாட்டிகிட்டப் போய்ச் சேர மனசில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். பிறகு சட்டைக் கையை மடித்தான்.

அன்றைக்கு ஆரம்பித்த கூத்து கார்த்திகை முழுக்க நடந்தது. தினமும் கமிஷன் கடையில் வேலை முடிந்து, அவனுக்கு பஸ் வருகிறவரைக்கும் உள்ள ஒன்றரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. முதலில் மலைச் சைக்கிளின் பின்பல்சக்கரக் கொத்தைக் கழற்றி என் சக்கரத்தில் திருகினோம். மரை ஒத்துப்போய் வழுக்கிக்கொண்டு ஏறியது. "பாத்தியா, சம்பந்தி வீடு மாதிரிச் சேந்துக்கிருச்சு" என்றான். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டினால், மாட்ட முடியவில்லை. என்னுடையதில் இருந்தது ஐந்து பல்சக்கரம், இதில் ஆறு. ஆறாவது, சட்டத்தோடு உரசியது. வாஷர் மேல் வாஷர் போட்டுச் சட்டத்தை விரித்தோம்.

அடுத்தது செயினைத் தள்ளுகிற கை. என் வண்டியின் கை குட்டை. ஊறுகாய்த் தட்டு மேலே ஏறும்போது முட்டிக்கொண்டு நின்றது. மலைச் சைக்கிளின் கை நீளமானது, ஆனால் அதை மாட்ட என் சட்டத்தில் துளை கிடையாது. ஒரு இரும்புப் பட்டையை வளைத்து, துளை போட்டு, அதில் தொங்கவிட்டோம். லிவரையும் மலைச் சைக்கிளிலிருந்தே எடுத்து மாட்டினான். அது அழகான லிவர். தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு 'டிக்'குக்கு ஒரு கியர். ஆனால் மாட்டின வண்டியில் முதல் 'டிக்'குக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதுக்குச் செயின் பாதி வழியில் நின்று கரகரவென்று முனகியது. மூன்றாவதுக்கு இரண்டு பல்சக்கரம் தாண்டிக் குதித்தது.

"டிக்கு சரியாத்தானே கேக்குது?" என்றேன்.

"அதுக்குக் கேக்குது. கைக்குக் கேக்கலை. நாம மாட்டின பட்டையில அது தள்ளி நிக்குதில்ல." தலையைச் சொறிந்தான். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் என் பழைய லிவரையே மாட்டினோம். அதில் டிக்கும் கிடையாது, டொக்கும் கிடையாது. எண்ணெய்ச் செக்கு மாதிரி வழவழவென்று நகரும். செயின் முனகுவது நிற்கிற இடத்தில் நாமாகக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு சரியாகிவிட்டது.

இத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆசை அடங்கவில்லை. முன்பல்சக்கரத்தையும் சின்னதாக்கினால் இன்னும் மெதுவாகப் போகும் அல்லவா? மலைச் சைக்கிளின் முன்பல்சக்கரம் என் அச்சில் நுழையவில்லை. கடையில் ஒரு குழந்தைச் சைக்கிள் கிடந்தது. ரோஸ் கலர். அதன் பல்சக்கரம் என் வண்டி அச்சில் ஆணி அடித்து மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதன் பல் தடிமன், என் செயின் ஒல்லி. ஒவ்வொரு பல்லின் மேலும் செயின் ஏறி நின்று, உள்ளே இறங்க மாட்டேன் என்றது. இருபத்தெட்டுப் பல்லையும் அரத்தால் ராவி ஒல்லியாக்கினோம். ஒரு சாயந்தரத்துக்கு ஒன்பது பல். கமிஷன் கடையில் மறுநாள் என் கை நடுங்குவதைப் பார்த்து முதலாளி, "எடை போடும்போது கையை ஆட்டாதப்பா, பாக்குறவன் தப்பா நினைப்பான்" என்றார்.

கடைசியாக, செயின் நீளம் போதவில்லை. என் செயினோடு மலைச் சைக்கிளின் செயினில் ஒரு துண்டை வெட்டி இணைத்தோம். இரண்டும் வேறு வேறு கம்பெனி. இணைத்த இடத்தில் ஒரு கண்ணி மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. எண்ணெய் விட்டோம், தட்டினோம், மடக்கினோம். மசியவில்லை. அந்தக் கண்ணி பின்பல்சக்கரத்துக்கு வரும்போதெல்லாம் 'டடக்' என்று பெடல் ஒரு குதி குதிக்கும். நான்கு மிதிக்கு ஒரு தரம். செயின் சுற்றி வர அவ்வளவு நேரம்.

சிநேகிதன் கணக்குப் போட்டான். "ஒரு மிதிக்கு ஏழடி. நாலு மிதிக்கு இருபத்தெட்டு அடி. அறுபது அடியில ரெண்டு தரம் குதிக்கும். இருபத்தெட்டுல ஒண்ணு, அம்பத்தாறுல ஒண்ணு. தெரிஞ்சே குதிக்கிற குதிரைதானே, பிடிச்சு ஒக்காந்துக்க."

எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக அந்தக் கண்ணியில் குங்குமம் வைத்தோம். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "செயினுக்குப் பொட்டு வச்சாச்சு, வளையல் எப்பப் போடப் போறீக?" என்றாள். வீட்டு முன்னால் சந்தில் அவளையே நடுவராக வைத்துத் தினமும் காலையில் பழகினேன். ஒரு மாதத்தில் முப்பது தடவையாவது விழுந்திருப்பேன். விழும்போதெல்லாம் அவள் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று சொல்வாள். எழும்ப வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருங்கள், இதில்தான் நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள் என்றும் சொல்வாள்.

காணும் பொங்கல் வந்தது. வண்டியைப் பஸ் மேலே போட்டுக்கொண்டு பரளச்சியில் இறங்கினோம். சிநேகிதனும் கூடவே வந்தான், கையில் ஸ்பேனரோடு.

மைதானத்தில் ஊரே இருந்தது. ரோஸ் கலர் பல்சக்கரத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டன. நடுவர், பள்ளிக்கூட டிரில் வாத்தியார். வண்டியைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"கியரு வண்டி செல்லாது. சாதா சைக்கிள்தான்."

காப்பாற்றினது யார் தெரியுமா? உன் மாமா.

"விடுங்க சார். கியருன்னா வேகமாப் போறதுக்கு. மெதுவாப் போற பந்தயத்துக்கு அதைக் கொண்டாந்திருக்காகன்னா, பாவம், நட்டம் அவுகளுக்குத்தானே. டவுனு மாப்ளை, ஆசைப்படுறாக, ஓட்டட்டும்."

ஊரே கொல்லென்று சிரித்தது. நான் முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் சிநேகிதன் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிமிர்ந்தால் அவன் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆறு பேர், ஆறு தடம். மாமாவுடையது எனக்கு அடுத்த தடம். குங்குமக் கண்ணியைச் சரியான இடத்தில் வைத்து ஏறி உட்கார்ந்தேன். டிரில் வாத்தியார் விசில் ஊதினார்.

பத்தடிக்குள் இரண்டு பேர் காலை ஊன்றினார்கள். ஒருவர் பக்கத்துத் தடத்துக்காரர் மேல் சாய்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். நானும் மாமாவும் மட்டும் மிச்சம். அவர் நிற்பார், ஒரு முழம் நகர்வார், மறுபடி நிற்பார். நான் நிற்கவே இல்லை. பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கால் அளவுக்கு மிதித்துக்கொண்டு, நத்தை மாதிரி ஊர்ந்தேன். ஊர் சத்தம் மெல்ல அடங்கியது. என் கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வண்டி போகவில்லை. இது எப்படி என்று அவர்களுக்குப் புரியவில்லை.

மாமா கண்ணைத் திருப்பாமலே கேட்டார். "மாப்ளை, என்ன பண்றீக?"

"மிதிக்கிறேன் மச்சான்."

"மிதிச்சா போகணுமே?"

"அதான் மச்சான் எனக்கும் வெளங்கலை."

இருபத்தெட்டாவது அடி வந்தது. 'டடக்'. பெடலோடு நானும் ஒரு குதி குதித்தேன். பிடித்து உட்கார்ந்தேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாமாவின் மீசை துடிப்பதைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அவரை ஜெயிக்கக் கியர் தேவையே இல்லை என்று. அவருக்குச் சிரிப்பு வந்தால் போதும். ஆனால் அப்போது நினைத்து என்ன செய்ய?

நாற்பது அடி. ஐம்பது அடி. மாமா எனக்கு ஒரு வண்டி நீளம் பின்னால் நிற்கிறார். இப்படியே போனால் அவர்தான் கடைசி, அவருக்குத்தான் ஜெயம். உன்னுடைய இரண்டெழுத்துப் பெயர் என் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. குங்குமம் மேலே ஏறி வருவதைக் குனிந்து பார்த்தேன். ஐம்பத்தாறு.

இந்த முறை அது வெறும் 'டடக்'கோடு நிற்கவில்லை. செயின் குதித்து, ராவி ஒல்லியாக்கின பல்லைத் தாண்டி, முன்பல்சக்கரத்தை விட்டே கழன்று தொங்கிவிட்டது. பாரம் விட்டுப்போன பெடல் கிறுகிறுவென்று சுற்றியது. என் இரண்டு காலும் தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் அடித்தன. வண்டி மட்டும் அதே இடத்தில்.

மாமா பார்த்துவிட்டார். அடக்கி வைத்திருந்த அவ்வளவும் ஒரே வெடிப்பாக வந்தது. "அய்யோ மாப்ளை!" என்றார். அவ்வளவுதான். காலை ஊன்றிவிட்டார். காலோடு நிற்காமல் சைக்கிளோடு படுத்து, படுத்தவாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் அவுட். இனி நான் எல்லைக் கோட்டைத் தொட்டால் போதும். நான்கே அடி. ஆனால் மிதிக்கச் செயின் இல்லை. ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் ஆட்டினேன், உடம்பை முன்னால் தள்ளினேன். ஓர் அடி நகர்ந்தது. இன்னும் ஓர் அடி. ஊர் முழுக்க எழுந்து நின்று கத்தியது. கீழே கிடந்த மாமாவும் கத்தினார்.

"மிதிங்க மாப்ளை, மிதிங்க!"

"மிதிச்சாப் போக மாட்டேங்குது மச்சான்!"

"இப்பத்தானேய்யா மிதிச்சாப் போகலைன்னு பெருமையாச் சொன்னீக!"

என்னாலும் முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்சக்கரம் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது வண்டி சாய்ந்தது. நான் சுண்ணாம்புக் கோட்டின் மேல் முகம் குப்புற விழுந்தேன்.

எழுந்து, வாயில் போன சுண்ணாம்பைத் துப்பிவிட்டு, "சார், தலை கோட்டைத் தாண்டிருச்சு சார்" என்றேன்.

டிரில் வாத்தியார் குனிந்து பார்த்தார். "தலைக்கு டயரு இருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப ரெண்டு பேரும் அவுட்டு."

பரிசான எவர்சில்வர் குடத்தை யாருக்கும் கொடுக்காமல் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டார். மாமா சாயந்தரம் வரை என் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, செயினை மாட்டிப் பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது ஒரு சைக்கிளா, நாலு சைக்கிளா?" என்று என் சிநேகிதனிடம் கேட்டார். சூட்சுமம் புரிந்ததும் என்னிடம் வந்து, "கள்ளாட்டம் மாப்ளை! சுத்தக் கள்ளாட்டம்!" என்றார். "நீங்கதானே மச்சான் விடச் சொன்னீக" என்றேன். அதற்கும் சிரித்தார்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றோம். "அப்ப என் பிள்ளைக்குப் பேரு?" நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவே இல்லை.

வைகாசியில் நீ பிறந்தாய். பரளச்சியில்தான். பெயர் வைக்கிற அன்றைக்கு மறுபடியும் பழைய பேச்சு ஆரம்பித்தது. "தலை தாண்டிருச்சு" என்று நான். "நான் விழுந்தப்பவும் பின்னாலதான் இருந்தேன்" என்று மாமா. ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, உன்னைத் தூக்கி நடுவில் போட்டாள். "இவளுக்கு ரெண்டு காது இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. சட்டுன்னு முடிங்க, பால் கொடுக்கணும்."

வலது காதில் மாமா குனிந்தார், இடது காதில் நான் குனிந்தேன். மூன்று தடவை சொல்ல வேண்டும். அவர் வைக்கிற பெயர் நீளம், நான் வைக்கிறது குட்டை. நான் மூன்றையும் முடித்து நிமிரும்போது அவர் இரண்டாவதில் இருந்தார். நீ வீரிட்டு அழுதாய். உன் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது சொந்தபந்தம் யாருக்கும் முழுசாகத் தெரியாது. மறுநாள் காலையில் மாமா ஒருவரிடமும் சொல்லாமல் போய், கிராமத்துப் பிறப்புப் பதிவில் அவருடைய அப்பா பெயரை வால் மாற்றி எழுதிவிட்டு வந்துவிட்டார். எனக்கு அது தெரியாது. ஐந்து வருஷம் கழித்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நானும் ஒருவரிடமும் சொல்லாமல் இரண்டெழுத்தை எழுதிவிட்டு வந்தேன்; சான்றிதழை அப்போது யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியாது. இருவருமே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பத்து வருஷம் ஒருவர் வீட்டில் ஒருவர் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். மாமா உன்னை அவர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, பாவம், ஆசைக்குக் கூப்பிடுகிறார் என்று நான் விட்டுவிடுவேன். நான் கூப்பிடும்போது அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

போன வாரம் உன் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பத்தாவது பரீட்சைக்குப் பெயர் அனுப்ப வேண்டும், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிப் பதிவில் ஒன்று, இதில் யார் உங்கள் மகள் என்று கேட்டார்கள். நான் ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில், "எழுதி வாங்கிட்டு வாங்க சார், ஏதாவது ஒண்ணு" என்று படிவத்தைக் கையில் கொடுத்தார்கள்.

மாமாவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரிப்புத்தான் கேட்டது. சிரித்து முடித்து, "அவளையே கேளுங்க மாப்ளை. நாம ரெண்டு பேரும் அவுட்டு" என்றார்.

அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். நீளமான பெயர் எவருடையது, எதற்காக அவர் கேட்டார் என்பது உனக்குத் தெரிய வேண்டும். குட்டையான பெயரை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்பதும் தெரிய வேண்டும். படிவம் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. பெயர் எழுதுகிற கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். பென்சிலால்கூட ஒன்றும் எழுதவில்லை, சத்தியமாக. திங்கட்கிழமைக்குள் உனக்குப் பிடித்ததை நீயே எழுது. மாமா வருத்தப்படுவாரோ, அப்பா வருத்தப்படுவாரோ என்று பார்க்காதே.

அம்மாவிடம் மட்டும் யோசனை கேட்டுவிடாதே. அவளிடம் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறதாம். நேற்றுத்தான் சொன்னாள்.